பெருநாடிக்குள் குழாய் வைத்த பின்: ஏன் ஆண்டுதோறும் ஒரு படம்?

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை. கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் சில இறுதியில் சேர்க்கப்பட்டுள்ளன.)



மேடையில் நிற்பவர் ஒருவர் என்றாலும் இந்தப் பேச்சை எழுதியவர்கள் மூவர். ஒரே வகுப்பில் படித்தோம். ஒருவர் வைத்தியர், ஒருவர் ஸ்கான் அறையில் படம் எடுப்பவர், மற்றவர் தாதி. ஆகவே 'நாங்கள்' என்றே பேசப் போகிறோம். சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது, சீனி வருத்தத்தையோ பிரஷரையோ எடுப்போம் என்றுதான் எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி ஆண்டுக்கு நான்கு பேச்சாவது உங்கள் காதில் விழுகிறது. நாங்கள் எடுத்த விடயத்தின் பெயரை உங்களில் பலர் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது உங்களுக்குத்தான் தேவைப்படும். வயதான தாய் தகப்பனின் மருந்துப் பெட்டியும் கிளினிக் கொப்பியும் இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கின்றன.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் இருக்கும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகளிடம் இருந்து எங்களுக்கு அடிக்கடி ஒரே மாதிரியான அழைப்பு வருகிறது. "அப்பாவுக்கு வயிற்றில் ஸ்ரென்ற் வைத்தது. இப்ப நல்ல சுகம். குளிர் ஒத்துவரவில்லை, ஊரில் வந்து இருக்கப் போகிறார். மருந்தெல்லாம் ஆறு மாதத்துக்குக் கட்டி அனுப்பியிருக்கிறோம்." நாங்கள் ஒரு கேள்விதான் கேட்போம்: கடைசியாக எப்போது ஸ்கான் செய்தீர்கள்? மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "எந்த ஸ்கான்?" என்று கேட்பார்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்.

முதலில் உடம்பின் உள்ளே போவோம். இதயத்தில் இருந்து புறப்படும் பெருநாடி நெஞ்சைக் கடந்து, முள்ளந்தண்டுக்கு முன்னால் வயிற்றுக்குள் இறங்கி, கொப்பூழ் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவர் தளர்ந்து 3 சென்ரிமீற்றருக்கோ அதற்கு மேலோ புடைத்தால் வைத்தியர்கள் அதை அனியூரிசம் என்கிறார்கள். நாங்கள் புடைப்பு என்று சொல்லிக்கொள்வோம். புகைத்தவர்களுக்கு, அறுபத்தைந்தைத் தாண்டிய ஆண்களுக்கு, பிரஷர் உள்ளவர்களுக்கு, குடும்பத்தில் ஒருவருக்கு ஏற்கெனவே இருந்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டால் தென்னாசியர்களிடம் குறைவு. விசித்திரமாக, சீனி வருத்தம் உள்ளவர்களிடமும் குறைவு. ஆனால் குறைவு என்பதற்கு இல்லை என்று பொருள் அல்ல. டொக்யாட்டில் வேலை செய்து, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட் ஊதித் தள்ளிய அப்பாமாரின் பிள்ளைகள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் பாதிக் கைகள் எழும்பும்.

இந்தப் புடைப்பு நோகாது. ஆண்டுக்கணக்கில் ஒரு சத்தமும் இல்லாமல் வளரும். வெடிக்கும் நாளில்தான் பலருக்கு அது இருந்ததே தெரியும். வெடித்தால் வைத்தியசாலையை அடையுமுன்னே பலர் போய்விடுவார்கள். ஆகவே ஆண்களுக்கு 5.5 சென்ரிமீற்றரை எட்டும்போது, வெடிக்குமுன்னே சரிசெய்வது வழக்கம். பெண்களுக்கு இதே நோய் குறைவாக வந்தாலும் சிறிய விட்டத்திலேயே வெடிக்கிறது. அதனால் 5 சென்ரிமீற்றரிலேயே யோசிக்கச் சொல்கிறார்கள்.

ஐன்ஸ்ரைனுக்கும் இதுதான் இருந்தது. 1948இல் ருடோல்ஃப் நிசென் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய வயிற்றைத் திறந்து, புடைத்த பெருநாடியைச் செலபேன் தாளால் சுற்றி வைத்தார். பலகாரப் பொதி சுற்றும் அதே செலபேன்தான். அதைச் சுற்றி உடம்பு தடித்த தழும்பை உண்டாக்கும், அது சுவரைத் தாங்கும் என்பது அன்றைய எண்ணம். அது ஆறு ஆண்டுகளுக்குச் சற்று மேல் தாங்கியது. 1955 ஏப்பிரலில் கசியத் தொடங்கியது. மீண்டும் சத்திரசிகிச்சை செய்ய அவர் மறுத்துவிட்டார். அந்த மாதம் 18ஆம் திகதி பிரின்ஸ்ரன் நகரில் இறந்தார். எவ்வளவு நல்ல கையால் செய்த திருத்தமானாலும், உள்ளே என்ன நடக்கிறது என்று இடைக்கிடை பார்க்க வழி இல்லாவிட்டால் கடைசி நாளில்தான் தெரியவரும். அன்று சி.ரி. ஸ்கான் இல்லை. இன்று இருக்கிறது.

பின்னர் வந்த திறந்த சத்திரசிகிச்சையில், வயிற்றைத் திறந்து, புடைப்பைப் பிளந்து, துணிக் குழாயை இரு முனையிலும் ஊசி நூலால் தைத்துவிடுவார்கள். பெரிய சிகிச்சை. ஆனால் தையல் தையல்தான். பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். 1990இல் ஆர்ஜென்ரீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி வேறு வழியைக் காட்டினார். தொடையடி நாடி வழியாக, மடித்த துணிக் குழாயை மேலே தள்ளி, புடைப்புக்கு உள்ளே விரித்துவிட்டார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கார்க்கிவ் நகரில் நிக்கொலாய் வொலொடொஸ் நெஞ்சுப் பகுதிப் பெருநாடியில் இதைப் போன்றதைச் செய்திருந்தார். வெளியுலகம் அதை அறிய நாட்கள் சென்றன. இந்தச் சிகிச்சையைத்தான் இப்போது ஈவார் என்று சுருக்கமாகச் சொல்கிறோம். வயிற்றில் பெரிய வெட்டு இல்லை. ஓரிரு நாட்களில் வீட்டுக்குப் போகலாம். எண்பது வயதுக்காரரும் தாங்குவார்.

அந்தக் குழாய் பார்வைக்கு நீளக் காற்சட்டை போல இருக்கும். இடுப்புப் பகுதி சிறுநீரக நாடிகளுக்குச் சற்றுக் கீழே நிற்கும். இரண்டு கால்களும் இரண்டு கால் நாடிகளுக்குள் இறங்கும். துணியை விரித்துப் பிடிக்க உள்ளே கம்பி வலை. இங்கேதான் எங்கள் தையல் வகுப்பில் இருந்தவர்கள் கவனிக்க வேண்டும்: இதில் தையல் இல்லை. நாடியின் சுவரோடு அழுத்திக்கொண்டு, சிலவற்றில் சிறிய கொளுக்கிகளின் துணையோடு, அது தானாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய புடைப்பும் எங்கும் போகவில்லை. அந்தப் பை குழாயைச் சுற்றி அப்படியே இருக்கிறது. குழாய்க்குள் மட்டும் குருதி ஓடினால், பைக்குள் அழுத்தம் குறைந்து, அதில் உள்ள குருதி உறைந்து, மாதங்கள் செல்லச் செல்லப் பை சுருங்கும். அதுதான் எதிர்பார்ப்பு.

சிலருக்கு அப்படி நடப்பதில்லை. குழாய்க்கு வெளியே, பைக்குள், எங்கிருந்தோ குருதி இன்னும் வந்துகொண்டிருக்கும். 1996இல் சிட்னியில் ஜெஃப்ரி வைற்றும் அவரோடு வேலை செய்தவர்களும் இதற்கு எண்டோலீக் என்று பெயர் வைத்தார்கள். தமிழில் உட்கசிவு என்போம். வெளியே இரத்தம் வராது. வயிற்றுக்குள்ளும் சிந்தாது. பைக்குள் மட்டும் கசியும். அநேகமானோருக்கு ஒரு குறியும் தெரியாது. சாப்பிடுவார், நடப்பார், கோணேசர் கோயில் படியும் ஏறுவார். படம் எடுத்தால் மட்டும்தான் தெரியும்.

காற்சட்டையை மனதில் வைத்துக்கொண்டால் கசிவின் வகைகள் எளிதாக விளங்கும். இடுப்புப் பட்டியிலோ கால் நுனியிலோ பிடிப்பு விட்டு, ஓரத்தால் குருதி நுழைந்தால் அது முதலாம் வகை. காற்சட்டையின் கால் துண்டு உடலோடு சேரும் பொருத்து விலகினாலோ துணி கிழிந்தாலோ அது மூன்றாம் வகை. இந்த இரண்டும் கெட்டவை. பெருநாடியின் முழு அழுத்தமும் நேராகப் பைக்குள் போகிறது, வெடிக்கலாம். கண்டவுடன் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகை வேறு. காற்சட்டையில் ஒரு பிழையும் இல்லை. முதுகுப் பக்கத்தில் இருந்தும் குடலுக்குப் போகும் நாடியில் இருந்தும் பையோடு சேரும் சிறிய கிளைகள் உண்டு. அவற்றில் குருதி பின்புறமாக ஓடிப் பைக்குள் வருகிறது. ஆகக் கூடுதலாகக் காண்பது இதைத்தான். பல தானாகவே அடைபட்டுவிடும். பை வளராத வரை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நான்காம் வகையில் துணியின் இழைகளுக்கு இடையால் கசியும்; சில நாட்களில் நிற்கும், இன்றைய துணிகளில் அரிது. ஐந்தாவதில் கசிவு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் பை வளரும்.

ஆகவே ஸ்கான் பார்ப்பவர் இரண்டு விடயங்களைத் தேடுகிறார். கசிவு உண்டா, உண்டென்றால் எங்கிருந்து? பை சுருங்குகிறதா, அப்படியே நிற்கிறதா, வளர்கிறதா? எங்களைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

எங்களில் ஒருவரின் தகப்பனார் டொக்யாட்டில் வேலை செய்தவர். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனதை நேரில் பார்த்தவர். கப்பலில் ஓட்டை இருக்கிறதா என்று எவரும் கடலுக்குள் மூழ்கிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்று அவர் சொல்வார். அடித்தளத்தில் நீர் எவ்வளவு நிற்கிறது என்று நாள்தோறும் கோல் விட்டு அளந்து, புத்தகத்தில் எழுதிவிடுவார்கள். நேற்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கப்பலின் நிலை தெரிந்துவிடும். பையின் விட்டமும் அப்படித்தான். ஓர் எண் தனியே நின்று ஒன்றும் சொல்லாது. 5.8 என்றால் நல்லதா கெட்டதா? சென்ற ஆண்டு 6.4 ஆக இருந்திருந்தால் மகிழ்ச்சி. 5.2 ஆக இருந்திருந்தால் உடனே தொலைபேசியை எடுக்க வேண்டும். சென்ற ஆண்டின் எண் எங்கே என்று எவருக்கும் தெரியாவிட்டால், செலவழித்துச் செய்த ஸ்கானில் பாதிப் பயன் போய்விட்டது.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் சுவரின் வெளியோரம் தொட்டு வெளியோரம் வரை அளப்பார், இன்னொருவர் உள்ளோரத்தில் இருந்து அளப்பார். ஒருவர் குறுக்காக, மற்றவர் சற்றுச் சரிவாக. இரண்டு மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் இதனாலேயே வரலாம். பை வளர்ந்துவிட்டது என்று பயந்து அழுதுகொண்டு பேசிய ஒரு மகளுக்கு, இரண்டு படங்களையும் ஒன்றாக வைத்து ஒரே ஆள் அளந்தபோது வளர்ச்சியே இல்லை என்று சொல்ல முடிந்தது. அறிக்கைத் தாள் மட்டும் இருந்திருந்தால் சொல்லியிருக்க முடியாது. படமே வேண்டும்.

என்னென்ன படம்? சிகிச்சை முடிந்து ஒரு மாதத்துக்குள் சாயம் ஏற்றிய சி.ரி. ஸ்கான் ஒன்று எடுப்பார்கள். இதுதான் பிற்காலப் படங்கள் எல்லாவற்றுக்கும் தாய்ப்படம். முதலில் சாயம் இல்லாமல் ஒரு தடவை எடுப்பார்கள். சுவரில் படிந்த சுண்ணாம்பும் வெள்ளையாகத் தெரிவதால், பிறகு அதைக் கசிவு என்று மயங்காமல் இருக்க இது தேவை. அடுத்து சாயம் பெருநாடியை அடையும் கணத்தில் ஒரு தடவை. சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை, மெதுவாக வரும் இரண்டாம் வகைக் கசிவைப் பிடிக்க. "ஒரு ஸ்கானுக்கு ஏன் மூன்று தரம் படுக்க வைக்கிறார்கள்?" என்று ஸ்கான் அறையில் கோபப்படும் ஐயாமாருக்கு இதுதான் விளக்கம்.

பிறகு ஆண்டுதோறும் சி.ரி. தேவையா? முன்னர் ஒரு மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், அதன்பின் ஆண்டுதோறும் என்று எல்லாருக்கும் ஒரே அட்டவணைதான். இப்போது ஆளைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். முதற்படத்தில் கசிவில்லை, இரு முனையும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்றால், ஆண்டுக்கு ஒரு டொப்ளர் அல்ட்ராசவுண்ட் பலருக்குப் போதும்; ஐந்தாண்டுக்கு ஒரு தடவையாவது சி.ரி. எடுப்பார்கள். டொப்ளரில் கதிர்வீச்சு இல்லை, சாயம் இல்லை. பை அளவை நன்றாகக் காட்டும். ஆனால் குடலில் காற்றிருந்தால் திரை போட்டது போல மறைத்துவிடும். அதனால்தான் வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறார்கள். காலையில் இரண்டு இடியப்பம் மட்டும்தான் சாப்பிட்டேன் என்று வருபவரைத் திருப்பி அனுப்பினால் எங்களைத் திட்டாதீர்கள். செய்பவரின் கைத்திறனும் முக்கியம். வயிற்று ஸ்கான் செய்யும் எல்லாருக்கும் இந்தக் குழாயைப் பார்த்துப் பழக்கம் இருக்காது. 'ஈவார் செய்தவர், பை அளவும் கசிவும் பார்க்க வேண்டும்' என்று கடிதத்தில் எழுதுவித்துக்கொண்டு போங்கள்.

சில இடங்களில், நுண்குமிழிகள் கலந்த மருந்தை ஏற்றி அல்ட்ராசவுண்ட் பார்க்கிறார்கள். அந்தக் குமிழியில் உள்ள வாயு மூச்சோடு வெளியேறிவிடும், சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. சாதாரண எக்ஸ்-கதிர்ப் படத்தையும் மலிவென்று தள்ளிவிட வேண்டாம். கம்பி முறிந்ததா, குழாய் கீழே நழுவியதா, கால் மடங்கியதா என்பதை அது காட்டும். கசிவை மட்டும் காட்டாது. எம்.ஆர்.ஐ. பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். இன்றைய குழாய்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடையில்லை. ஆனால் எஃகுக் கம்பி வைத்த சில பழைய குழாய்கள் படத்தைக் கலைத்துவிடும். ஆகவே குழாயின் பெயர் எழுதிய அட்டை கையில் இருக்க வேண்டும்.

சிறுநீரகத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். சி.ரி. சாயம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். எங்கள் முதியவர்களில் சீனி வருத்தமும் பிரஷரும் சேர்ந்து சிறுநீரகத்தை நலிய வைத்தவர்கள் நிறையப் பேர். இவற்றால் அல்லாமல், காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் 1990கள் முதல் வட மத்திய மாகாணத்தில் பரவலாகக் காணப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அங்கே மணம் முடித்தவர்களும் வேலை செய்தவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள். ஆகவே ஸ்கானுக்குப் போகுமுன் அண்மைய கிறியற்றினின் அளவைக் கொண்டு போங்கள். மெற்போமின் குடிப்பவர்கள் சொல்லிவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்துச் சிலருக்கு அதைச் சில நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். ஆனால் சிறுநீரகம் சரியில்லை என்று ஸ்கானையே கைவிட வேண்டாம். டொப்ளர் இருக்கிறது, சாயம் இல்லாத சி.ரி.யில் கசிவு தெரியாவிட்டாலும் பையை அளக்கலாம்.

நன்றாக இருப்பவரை இப்படி ஆண்டுதோறும் அலைக்கழிக்க வேண்டுமா என்று நினைப்பீர்கள். பிரித்தானியாவில் 1252 பேரைத் திறந்த சத்திரசிகிச்சைக்கும் ஈவாருக்கும் இரண்டாகப் பிரித்து, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 1999இல் தொடங்கிய ஆய்வு அது. முதல் முப்பது நாளில் ஈவார் வென்றது: திறந்த சிகிச்சையில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இறந்தார்கள், ஈவாரில் இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் 2016இல் வெளிவந்த நீண்டகால முடிவில் அந்த வெற்றி தேய்ந்து, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. புடைப்போடு தொடர்புடைய இறப்புகள் ஈவார் செய்தவர்களிடம் கூடின. முக்கிய காரணம் பழைய பை வெடித்தது. சிகிச்சை மோசம் என்று இதற்கு அர்த்தமில்லை. எட்டு ஆண்டுகள் சுகமாக இருந்தவர் ஒன்பதாம் ஆண்டும் பார்க்கப்பட வேண்டும் என்பதே அர்த்தம். அமெரிக்காவில் மெடிக்கேர் காப்புறுதியில் உள்ள முதியவர்களைப் பார்த்தபோது, ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆண்டு ஸ்கானை விட்டுவிட்டிருந்தார்கள். நாடு விட்டு நாடு போகாதவர்களே அப்படி என்றால், ஹரோவில் இருந்து உப்புவெளிக்கு வருபவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஸ்கான் திகதிக் கடிதம் லண்டன் வீட்டுக் கதவுக்குள் விழுகிறது. வீட்டில் வாடகைக்கு இருப்பவர் அதை எடுத்து மேசையில் வைக்கிறார். இரண்டு தடவை வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள்.

இங்கேயும் ஒரு குழப்பம். ஊர்க் கிளினிக்கில் ஐயா "எனக்கு ஸ்ரென்ற் வைத்தது" என்கிறார். கேட்பவர் இதயத்தில் என்று நினைத்து, கொப்பியில் அப்படியே எழுதிவிடுகிறார். நெஞ்சு ஈ.சி.ஜி. எடுக்கிறார்கள், நன்றாக இருக்கிறது, மருந்து தருகிறார்கள். வயிற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. எவருடைய குற்றமும் இல்லை; ஒரே சொல் இரண்டு இடத்துக்கும் ஓடுகிறது. ஆகவே 'வயிற்றுப் பெருநாடியில் குழாய்' என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது. 1990ஐயும் 2006ஐயும் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை தொங்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, கல்லூரிச் சான்றிதழ், கொஞ்சக் காசு. ஓடும்போது வேறு எதையும் எடுக்காவிட்டாலும் அந்தப் பையை அம்மா எடுப்பார். 2004 மார்கழியில் கடல் வந்தபோது அந்தப் பைகளும் போயின. பிறகு பிறப்புச் சான்றிதழுக்காகக் கச்சேரியில் வரிசையில் நின்றோம். சான்றிதழை மறுபடி எடுக்கலாம், பதிவேடு இருக்கிறது. பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த தாய்ப்படத்தை எந்தக் கச்சேரியும் தராது.

அந்தப் பையில் இப்போது இவற்றை வையுங்கள். சிகிச்சை செய்த வைத்தியசாலையின் டயக்னோசிஸ் காட் அல்லது விடுவிப்புக் கடிதம். குழாயின் பெயரும் அளவும் எழுதிய அட்டை. முதலாவது சி.ரி. ஸ்கானின் இறுவட்டு, ஆகக் கடைசியானதன் இறுவட்டு. பிலிம் மட்டும் தந்தால் இறுவட்டையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் கேட்டால் தருவார்கள். ஒரு கொப்பித் தாளில் திகதியும் பை விட்டமும் மட்டும் வரிசையாக எழுதி வையுங்கள். இறுவட்டைப் பிள்ளைகள் கணினியிலும் ஒரு பிரதி எடுத்து வைத்தால் நல்லது. பிலிமை மின்குமிழுக்கு நேரே தூக்கிப் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். முகட்டு மின்விசிறியும் சேர்ந்து தெரியும் அந்தப் படத்தில் எந்த நிபுணராலும் மில்லிமீற்றர் அளக்க முடியாது.

கசிவு தெரிந்துவிட்டால்? பெரும்பாலும் மறுபடியும் தொடை வழியாகவே சரிசெய்யலாம். பிடிப்பு விட்ட முனையில் இன்னொரு சிறு குழாய்த் துண்டு வைப்பார்கள், அல்லது உள்ளே பலூன் விரித்து அழுத்துவார்கள். இரண்டாம் வகையில் பை வளர்ந்தால், கிளை நாடிகளைச் சிறு கம்பிச் சுருளாலோ பசை போன்ற மருந்தாலோ அடைப்பார்கள். சிலருக்குத் திறந்த சிகிச்சையே செய்ய நேரும். இதற்கெல்லாம் இங்கிருந்து கொழும்புக்குப் போகத்தான் வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்தால் இரவு ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம். வெடித்த பிறகு என்றால் ரயிலுக்கு நேரமில்லை.

திடீர் வயிற்று நோ, முதுகு நோ, மயக்கம், ஒரு கால் சட்டென்று குளிர்ந்து நோதல், காரணமில்லாமல் நீடிக்கும் காய்ச்சல்: இவற்றுக்கு அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போய், வாசலிலேயே 'வயிற்றுப் பெருநாடியில் குழாய் வைத்தவர்' என்று சொல்லுங்கள். பையையும் கொண்டு போங்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகளுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் இருக்கும் ஓர் அக்கா, தன் தம்பிக்கு அறுபத்தைந்து வயதில் இப்படி ஒரு பரிசோதனைக்குக் கடிதம் வந்ததாகவும் தனக்கு வரவில்லை என்றும் கேட்டார். அந்தத் திட்டம் 2013 முதல் இங்கிலாந்து முழுவதிலும் நடக்கிறது. அறுபத்தைந்து வயது ஆண்களை மட்டும் அழைக்கிறார்கள், பெண்களுக்கு அழைப்பு இல்லை. தம்பியைக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். பத்து நிமிட அல்ட்ராசவுண்ட், ஊசி இல்லை. உங்கள் தகப்பனுக்கோ தாய்க்கோ உடன்பிறந்தவருக்கோ புடைப்பு இருந்திருந்தால், ஐம்பதைத் தாண்டிய நீங்களும் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். பெண் என்பதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

ஈவார் செய்தவர் விமானத்தில் வரலாமா, கோயில் தேருக்கு வடம் பிடிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். ஆறிய பின் விமானப் பயணத்துக்குப் பொதுவாகத் தடையில்லை. வடத்தை மற்றவர்கள் இழுக்கட்டும். அவர் பக்கத்தில் நடந்து வரட்டும். இது ஆய்வில் வந்ததல்ல, எங்கள் அபிப்பிராயம்.

கடைசிக் கேள்வியைக் கேட்ட தங்கையின் குரல் தளதளத்தது. அப்பாவுக்கு எண்பத்தெட்டு. ஞாபகம் போய்விட்டது. ஸ்கான் அறைக்குள் போனால் பயந்து கத்துகிறார். ஒவ்வொரு ஆண்டும் கொண்டு போகத்தான் வேண்டுமா? இல்லை, கட்டாயம் இல்லை. கசிவைக் கண்டால் சரிசெய்ய முடியும், அவரும் தாங்குவார் என்றால்தான் தேடுவதில் பயனுண்டு. இனி எந்தச் சிகிச்சையும் செய்யப் போவதில்லை என்று வைத்தியரும் குடும்பமும் சேர்ந்து முடிவெடுத்தால் ஸ்கானை நிறுத்திவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரையும் அந்த முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிறகு தொலைபேசியில் உங்களைத்தான் கேட்பார்கள். முடிவைக் கிளினிக் கொப்பியில் வைத்தியரைக் கொண்டு எழுதுவித்து, அதே பையில் வையுங்கள். ஒருநாள் இரவில் வயிற்று நோவோடு அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுபோவது நீங்களாக இல்லாமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.